பாதை இல்லாத கூரைகள்

கூரையை எண்ணினால் ஆளை எண்ணிவிடலாம் என்று கண்டுபிடித்த புண்ணியவான் யாரோ, அவன் எங்கள் ஏரிக்கரைப் பக்கம் ஒரு சாவுக்குக்கூட வந்ததில்லை. வந்திருந்தால் வாயை மூடிக்கொண்டு திரும்பிப் போயிருப்பான். அவன் வராவிட்டாலும் அவன் போட்ட கணக்கு மட்டும் எங்கோ கடல் கடந்து கிளம்பி, நைரோபி வழியாக, மாவட்டத் திட்ட அலுவலகத்தின் மாடிக்கு வந்து அடோயோவின் கணினியில் சட்டமாக உட்கார்ந்துகொண்டது.

அடோயோவுக்கு வரைபட வேலை. வானத்திலிருந்து எடுத்த படத்தைத் திரையில் விரித்து, அதன்மேல் பள்ளிக்கூடம் எங்கே, கிணறு எங்கே, ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், யார் வீட்டுக் கூரை புல், யார் வீட்டுக் கூரை தகரம் என்று ஒவ்வொன்றாகப் போர்த்திப் பார்ப்பாள். புல் என்றால் வறுமை, தகரம் என்றால் வசதி. மொத்தக் கூரையைச் சராசரிக் குடும்பத்தால் பெருக்கினால் ஜனத்தொகை. சென்சஸ்காரர்கள் வீடு வீடாய் ஏறி நாய்க்கடி வாங்கிச் செய்கிற வேலையை டீ குடித்துக்கொண்டே முடித்துவிடலாம். மேலதிகாரி அபுயா இதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போவார்.

அந்த வருஷம் அவர் பூரிப்புக்குக் காரணம் கன்யோவா. போன படத்தில் இல்லாமல் இந்தப் படத்தில் இருக்கிற கூரைக்கு ஒரு பச்சைப் புள்ளி என்று மெஷினுக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். மற்ற ஊர்களெல்லாம் காய்ந்துகிடக்க, கன்யோவா மட்டும் பச்சைப் பசேலென்று திரையை நிறைத்தது.

“பாத்தியாம்மா? எல்லா ஊர்லயும் பசங்க ஊரை விட்டு ஓடுறாங்க. உங்க கன்யோவால மட்டும் திரும்பி வந்து வீடு கட்டுறாங்க. அதுவும் தகரக் கூரை! பணம் குடுக்கிற வெளிநாட்டுக்காரங்க வரும்போது முதல்ல இதைத்தான் காட்டணும்” என்றார் அபுயா.

கன்யோவா அடோயோவின் சொந்த ஊர். அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பெருமை ரொம்ப நாள் நிற்கவில்லை. பச்சைப் புள்ளிகளின்மேல் பள்ளிக்கூடச் சேர்க்கையைப் போர்த்திப் பார்த்தாள். ஒன்றாம் வகுப்புக்குக் கூடுதலாக ஒரு பிள்ளைகூடச் சேரவில்லை. பிரசவக் கணக்கும் ஏறவில்லை. இத்தனை கூரை முளைத்த ஊரில் ஒரு புதுக் கக்கூஸ்கூட முளைத்திருக்கவில்லை. அடோயோ நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு படத்தைப் பெரிதாக்கினாள்.

எல்லாம் ஒரே மாதிரி. கள்ளி வேலி போட்ட குடும்ப வளாகத்துக்குள்ளே, வேலி வாசலை ஒட்டி, ஒற்றை அறை வீடு. கல்யாணமாகாத மகன் தனக்கென்று கட்டிக்கொள்கிற சிம்பா அங்கேதான் இருக்கும். அதில் தப்பில்லை. ஆனால் எங்கள் செம்மண்ணில் ஆள் குடியிருக்கிற வீடு என்றால் பாதை விழும். கதவிலிருந்து அம்மாவின் சமையல்கட்டுக்கு ஒன்று, கக்கூசுக்கு ஒன்று, வாசலுக்கு ஒன்று என்று மேலே இருந்து பார்த்தால் சிவப்பு நூலாகத் தெரியும். இந்த வீடுகளுக்கு நூலே இல்லை. கதவுவரை புல் மண்டிக்கிடந்தது.

எங்கள் ஊர்க்காரிக்கு இது அந்த நிமிஷமே புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. அலுவலகத்துக்குள் நுழையும்போது ஊர் வழக்கத்தையெல்லாம் குடையோடு சேர்த்து வாசலிலேயே சாத்திவைத்துவிட்டுப் போவதுதான் படித்த எங்களுக்குப் பழக்கமாகிவிட்டதே.

அபுயாவிடம் சொன்னாள். அவர் சிரித்தார்.

“பாதை இல்லைன்னா என்ன, பறந்து போறானுங்கன்னு வெச்சுக்கோ. சரி, போய்த்தான் பாத்துட்டு வாயேன். ‘நேரில் சரிபார்க்கப்பட்டது’ன்னு ஒரு வரி போட்டா ரிப்போர்ட்டுக்கு இன்னும் அழகு.”

அன்று சாயங்காலம் தம்பிக்கு போன் போட்டாள். ஒடெக் அவளுக்கு நேர் இளையவன், வீட்டுக்கு மூத்த மகன். பள்ளிக்கூடம் முடித்த கையோடு தெற்கே எல்லையோரத் தங்கக் குழிகளுக்குப் போனவன். கன்யோவாவில் “பையன் எங்கே?” என்று யாரைக் கேட்டாலும் “தெக்கே” என்பார்கள். அதற்குமேல் யாரும் கேட்பதில்லை.

“என்னக்கா, ஆபீஸ்ல வேலை இல்லையா? தம்பி ஞாபகமெல்லாம் வருது!”

“கன்யோவா படத்தைப் பாத்துக்கிட்டிருந்தேன்டா. உன் வயசுப் பசங்க எல்லாரும் சிம்பா கட்டியாச்சு. நீ ஊருக்கு வந்தா இன்னும் சித்தப்பா மகன்கூடத்தான் ஒண்டணும். வெக்கமா இல்ல?”

“வருவேன்கா. வரும்போது தகரத்தோட வருவேன். அவனவன் வெள்ளைத் தகரம் போட்டிருப்பான். நம்மது சிவப்பு. மேலே இருந்து பாத்தா உனக்கே கண்ணு கூசும்.”

சிரித்தான். சிரிப்பு பாதியில் இருமலாகியது. போனைக் காதில் வைத்தபடி அடோயோ காத்திருந்தாள். இருமல் முடியவில்லை.

“என்னடா இது?”

“தூசிக்கா. கல்லை மாவா அரைக்கிற மெஷின்ல நிக்கிறேன்ல. பொழுது சாய எங்களைப் பாத்தா வெள்ளைக்காரனுங்க வந்துட்டானுங்கன்னு நினைப்பே.”

அவளும் சிரித்துவைத்தாள்.

கன்யோவாவுக்கு மோட்டார் சைக்கிள் பிடித்துப் போய், கையில் இருந்த கருவி காட்டிய முதல் பச்சைப் புள்ளியில் இறங்கினாள். வேலிக்குள்ளே வாசல் ஓரமாகச் சின்ன வீடு. தகரம் இன்னும் பளபளத்தது. பூட்டு மட்டும் துரு ஏறியிருந்தது. கதவின் முக்கால் உயரத்துக்குப் புல். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மண்மேடு.

வாசலில் சாத்திவைத்திருந்த ஊர் வழக்கம் அப்போதுதான் அவள் பின்னாலேயே நடந்து வந்து தோளைத் தொட்டது. எங்களில் ஆண்பிள்ளை ஒருவன் தனக்கென்று வீடு கட்டாமல் செத்துப்போனால், அவனை அப்பன் வீட்டுக்குள் கிடத்த முடியாது. வீடில்லாத பரதேசியாக மண்ணுக்குள் அனுப்பவும் முடியாது. அவசர அவசரமாக அவன் பேரில் ஒரு வீடு எழுப்புவார்கள். உடம்பு ஒரு ராத்திரி அதில் தங்கும். மறுநாள் தன் வீட்டிலிருந்து புறப்படுகிற ஆம்பளையாகக் குழிக்குப் போவான். அதற்கப்புறம் அந்த வீட்டுக்குள் யாரும் போகமாட்டார்கள். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது.

சமையல்கட்டிலிருந்து ஒரு அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். மின் ஒமோலோ, ஒமோலோவைப் பெற்றவள். ஊரில் அவளுக்கு வேறு பேர் கிடையாது.

“யாரும்மா? கட்சிக்காரங்களா?”

“இல்லம்மா. நான் ஒகுடு மக, அடோயோ.”

“அட, நம்ம ஒகுடு பொண்ணா! சதை போட்டுட்டே, அடையாளமே தெரியல. உக்காரு, சோளமும் பயறும் வெந்துக்கிட்டிருக்கு, தின்னுட்டுத்தான் போகணும்.”

“இந்த வீடு...”

“ஒமோலோவோடது.”

“யாரும் இல்லையாம்மா உள்ளே?”

“உள்ளே என்ன இருக்கு? அவன் இங்கதான் இருக்கான்” என்று மண்மேட்டைக் காட்டினாள்.

என்ன ஆயிற்று என்று அடோயோ கேட்டாள். மின் ஒமோலோ வேலிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள்.

“டி.பி.ன்னாங்க. மாத்திரையை வேளை தவறாம தின்னான். கேக்கல. படுத்தா மூச்சு வராது, உக்காந்தேதான் தூங்குவான். கடைசியில எலும்புதான் மிச்சம். உன்கிட்ட சொல்றேன், வெளியே விடாதே. இது நோயில்ல, சாபம், சிரா. இவங்கப்பா அவரோட அண்ணன் விதைக்கிறதுக்கு முன்னாடியே முந்திக்கிட்டுப் போய் விதைச்சுட்டார். வரிசை தப்பினா சும்மா விடுமா? உருக்கிடும். உருக்கிடுச்சு.”

“எங்கம்மா வேலை பாத்தான்?”

“தெக்கேதான். வேற எங்கே?”

அடுத்த புள்ளி. அதற்கடுத்த புள்ளி. பூட்டு, புல், மண்மேடு. ஒரு வீட்டில் அண்ணனுக்கு முன்னால் தம்பி கல்யாணம் பண்ணியதால் வந்த சிரா. இன்னொன்றில் தாத்தா சாவில் மொட்டை போடாததால் வந்த சிரா. எல்லோரும் வேலியைப் பார்த்தார்கள், எல்லோரும் குரலை இறக்கினார்கள், எல்லோரும் வெளியே சொல்லாதே என்றார்கள். ஒவ்வொரு வீடும் தன் பாவத்தைத் தன் வேலிக்குள்ளேயே பொத்திவைத்திருந்தது. வேலிக்கு அந்தப் பக்கமும் அதே பாவம்தான் படுத்துக்கிடக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. தெற்கே. அரவை மெஷின். இருமல். கேட்காத மாத்திரை. கருவியில் ‘வசிப்போர்’ என்ற கட்டத்தில் பூஜ்யம், பூஜ்யம் என்று அடித்துக்கொண்டே போனாள்.

ஒரே ஒரு வீட்டில் மட்டும் கதவு திறந்தது. ஒருவன் கொட்டாவி விட்டுக்கொண்டே வெளியே வந்து, “தூங்கறவனை எழுப்பறதுக்கா கவர்மெண்டு உங்களுக்குச் சம்பளம் குடுக்குது?” என்று திட்டினான். அவனைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது அடோயோவுக்கு.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் முதல் வேலையாக ஆளில்லாத வீடுகளின் பச்சையைக் கறுப்பாக்கினாள். நிறம் மாறியவுடன் படமும் வேறு படமாகிவிட்டது. பச்சையாக இருந்தபோது ஊர் முழுக்கத் தெளித்ததுபோல் தெரிந்த புள்ளிகள், கறுப்பானதும் ஒரு கோட்டில் வந்து நின்றன. தெற்கே போகிற பஸ் எந்த ரோட்டில் ஆள் ஏற்றுகிறதோ, அந்த ரோட்டின் இரண்டு பக்கமும்தான் சாவு. ரோட்டை விட்டுத் தள்ளியிருக்கிற வீடுகளுக்குச் சிரா பிடிக்கவில்லை. சிராவுக்கு பஸ் ரூட் எப்படித் தெரியும்?

அபுயாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் ரொம்ப நேரம் நின்றுகொண்டே பார்த்தார். பிறகு போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“கீழே, ரோட்டுப் பாலத்துக்கிட்டே தனியா ஒண்ணு இருக்கு பாரு. அது கன்யோவால கட்டிக்குடுத்த எங்க அக்கா மகன்.”

“தெரிஞ்சுமா சார் பச்சையிலே விட்டீங்க?”

“நான் எங்கம்மா விட்டேன்? மெஷின் போட்டுச்சு. எனக்கு அந்த ஒண்ணுதான் தெரியும். எங்க வீட்டுச் சிரான்னு நினைச்சேன். அக்காகூட நான் ஒரு வருஷமா பேசறதில்ல, தெரியுமா? தப்பு அவ புருஷன் பக்கம்னு சொல்லிச் சண்டை.” கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “ரிப்போர்ட் மேலே போயிடுச்சு அடோயோ. வளர்ச்சின்னு அனுப்பினதை சாவுன்னு சொல்லி எப்படித் திருப்பி வாங்குவேன்? முதல்ல என் சீட்டைக் கிழிப்பாங்க.”

“அப்போ இந்தப் பசங்க?”

“உன் தம்பியும் தெக்கேதானே?”

அவள் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“அப்புறம் என்கிட்ட நின்னு என்ன சண்டை? போ. முதல்ல அவனைக் கூப்பிடு.”

கூப்பிட்டாள். கெஞ்சினாள், அதட்டினாள், கெட்ட வார்த்தையும் சொல்லிப் பார்த்தாள். ஒடெக் அசையவில்லை.

“அக்கா, அவனுங்கல்லாம் சிராவுல செத்தானுங்க. நம்ம அப்பா எந்த வரிசையைத் தாண்டினார்? நமக்கு ஒண்ணும் வராது. வெறுங்கையோட வந்து நின்னா சந்தையில பொம்பளைங்ககூட சிரிப்பாங்க. இன்னும் கொஞ்ச நாள், தகரத்தைச் சேத்துட்டு வந்துடறேன்.”

பயம் என்றால் அப்படியொரு பயம் அவளுக்கு. படத்தைத் திறந்தாலே அப்பாவின் வளாகம்தான் கண்ணில் படும். வாசல் ஓரமாக இருந்த காலி இடத்தைப் பார்க்க முடியாமல் வேறு பக்கம் நகர்த்திவிடுவாள். கடைசியில் அவனை இழுக்க ஒரே கயிறுதான் இருக்கிறது என்று புரிந்து, சனிக்கிழமை பஸ் ஏறி ஊருக்குப் போனாள்.

அப்பா ஒகுடு கடலை உரித்துக்கொண்டிருந்தார். தாத்தா காலத்து வளாகத்தை விட்டுத் தனி வளாகம் போட வேண்டும் என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டே தள்ளிப்போட்டு வந்தவர். அண்ணன் நகர்ந்தால்தான் தம்பி நகர முடியும் என்பதால் சித்தப்பா ஒவாகா, “எங்கண்ணன் என்னையும் சேத்து இங்கேயே புதைக்கப் போறார்” என்று ஊரெல்லாம் புலம்புவார்.

“அப்பா, புது வளாகம் போடுங்க. இந்த மாசமே.”

“என்ன திடீர்னு?”

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கறுப்புப் புள்ளிகள், பஸ் ரோடு, மின் ஒமோலோ. அப்பா கடலை உரிப்பதை நிறுத்தவில்லை. தோலை ஒரு பக்கமும் பருப்பை ஒரு பக்கமும் போட்டுக்கொண்டே கேட்டார்.

“புது வளாகம்னா கோடரி தூக்க மூத்த மகன் வேணுமே” என்றார்.

“அதுக்குத்தாம்பா.”

அப்பா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு உரித்ததையும் உரிக்காததையும் ஒன்றாகக் கூடையில் கொட்டிவிட்டு எழுந்து போனார்.

அப்பன் புது வாசல் போடும்போது கோடரி எடுக்க வராத மூத்த மகனுக்கு அந்த வாசலில் அப்புறம் இடமே கிடையாது. ஒடெக் வந்துவிட்டான். பஸ் கூரையில் சிவப்புத் தகரங்களைக் கட்டிக்கொண்டு, கன்யோவா சந்தையில் எல்லோரும் பார்க்கும்படி இறங்கினான். சட்டைக் காலருக்கும் கழுத்துக்கும் நடுவில் ஒரு கை நுழையும்போல் இருந்தது. அடோயோ அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்தவளுக்கு விட மனம் வரவில்லை.

“விடுக்கா, என்னமோ திருடனைப் பிடிச்ச மாதிரி! தகரத்தைப் பாரு, தகரத்தை!”

மறுநாள் விடிந்ததும் கிளம்பினார்கள். அப்பா கையில் சேவல், அம்மா கையில் சட்டியில் நெருப்பு, ஒடெக் தோளில் கோடரி. பின்னால் சொந்தக்காரர்களும் தச்சர்களும். புது இடம் மேட்டின்மேல் இருந்தது, அப்படியொன்றும் பெரிய மேடும் இல்லை. பாதியில் ஒடெக் நின்றான். எல்லோரும் நின்றார்கள். மறுபடி நடந்து மறுபடி நின்றான்.

“என்னடா, குழிக்குள்ள இறங்கியே பழகிட்டியா? மேடு ஏறவே மறந்துபோச்சா?” என்று பெரியம்மா மகன் ஒருவன் கத்தினான். கூட்டம் சிரித்தது. ஒடெக்கும் சிரித்தான், இருமினான், கோடரியை ஊன்றிக்கொண்டு ஏறினான்.

முதல் கம்பை மூத்த மகன்தான் வெட்ட வேண்டும். ஓங்கி ஒரு வெட்டு வெட்டினான், சரியாக விழுந்தது. இரண்டாவது சறுக்கியது. மூன்றாவதில் கோடரி கம்பில் மாட்டிக்கொண்டது. அதை இழுக்கப் போனவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். உதடு வெளிறிச் சாம்பல் பூத்திருந்தது. தோள் இரண்டும் மூச்சுக்காக ஏறி ஏறி இறங்கின. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. பெரியம்மா மகன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றான்.

வேறு கை கோடரியைத் தொடக்கூடாது. அப்பா சேவலைச் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டு, ஒடெக்கின் பின்னால் போய் உட்கார்ந்து, அவன் கையைக் கோடரிப் பிடியில் வைத்து, அதன்மேல் தன் கையை வைத்துக்கொண்டார். இரண்டு பேரும் சேர்ந்து வெட்டினார்கள். கம்பு விழுந்தது.

அதற்கப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. ஒடெக்கை மாமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். வெயில் சாய்வதற்குள் பெரிய வீட்டுக்குக் கூரை ஏறிவிட்டது. தச்சர்கள் கையைக் கழுவப் போகும் நேரத்தில் சித்தப்பா ஒவாகா அப்பாவின் பக்கத்தில் வந்து நின்றார். ஊரையே சிரிக்க வைக்கிற மனுஷன், யார் முகத்தையும் பார்க்காமல் பேசினார்.

“அண்ணே, ஆளுங்க இருக்காங்க. கம்பும் மிச்சமிருக்கு. பையன் கொண்டுவந்த தகரமும் சும்மா கிடக்கு. வாசப்பக்கம் அந்தச் சின்னதையும் இன்னைக்கே போட்டுடலாமே.”

அப்பன் வீடு எழும்புகிற அன்றைக்கே மகன் வீட்டையும் எழுப்புகிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. ஆறப் போட்டு, இன்னொரு நாள் பார்த்து, மகனே கட்டிக்கொள்வான். சின்ன வீட்டுக்கு நாங்கள் அவசரப்படுவது ஒரே ஒரு காரணத்துக்காகத்தான்.

“இப்போ என்ன அவசரம்?” என்றாள் அம்மா. கையில் மீன் குழம்புக் கரண்டி. அவள் சித்தப்பாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், தச்சர்களைப் பார்த்தாள். தச்சர்கள் ஏற்கெனவே ஆணியைப் பொறுக்க ஆரம்பித்திருந்தார்கள். அவள் திரும்பிப் போய்க் குழம்பைக் கிண்டினாள். கிண்டிக்கொண்டே இருந்தாள்.

சந்தோஷப்பட்டவன் ஒடெக் ஒருத்தன்தான்.

“சித்தப்பான்னா நீங்கதான் சித்தப்பா! டேய், அந்தத் தகரத்தைக் கோணலா வெக்காதே! கதவு கிழக்கே பாக்கட்டும். அக்கா, நாளைக்கே உன் மெஷின்ல பாத்து ஒரு பச்சைப் புள்ளி போட்டுடு!” மூச்சு வாங்கியது, நிறுத்திக்கொண்டு மறுபடி ஆரம்பித்தான். “பொண்ணு குடுக்கிறவன் இனிமே நம்ம வீட்டைத் தேடி வருவான் பாரு.”

சிவப்புத் தகரத்தில் ஆணி அடிக்கிற ஒவ்வொரு சத்தமும் அடோயோவின் மார்பில் விழுந்தது. புது வீட்டுக்குப் பின்னால் போய் நின்று வாயில் துணியை அடைத்துக்கொண்டு அழுதாள். தாமதமாகிவிட்டது. அவனைக் கூட்டிவந்துவிட்டாள், ஆனால் தாமதமாகிவிட்டது.

வாரம் திரும்பியதும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

“இது டி.பி. இல்லம்மா. கல்லுத் தூள். உள்ளே போனது போனதுதான், வெளியே எடுக்க வழியில்ல. இனிமே தூசி பக்கமே போகாம இருந்தா, இருக்கிறதை வெச்சு ஓட்டலாம்.”

“எவ்வளவு நாளைக்கு?”

டாக்டர் எக்ஸ்ரேயை உறைக்குள் போட்டார்.

வெளிநாட்டுக்காரர்கள் வந்தார்கள். பச்சைப் படத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, வறுத்த மீன் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். கறுப்புப் படத்தை அடோயோ சுகாதார அலுவலகத்துக்கு அனுப்பினாள். பெற்றுக்கொண்டோம் என்று ஒரு வரி வந்தது, அதோடு சரி. பிறகு அதையே பெரிதாக அச்சடித்துக் கன்யோவா சந்தையில் பஸ் நிற்கிற சுவரில் ஒட்டினாள். அச்சடித்த அன்று அபுயா எதையும் பார்க்காதவர்போல் வந்து, பிரிண்டரில் தீர்ந்துபோன தாளை அவரே நிரப்பிவிட்டுப் போனார். பஸ்ஸுக்குக் காத்திருந்த பையன்கள் கூடிநின்று தங்கள் வீட்டை விரலால் தேடினார்கள். பக்கத்து வீட்டுப் புள்ளியைத் தொட்டுப் பார்த்தார்கள். இரண்டு மூன்று பேர் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார்கள். மற்றவர்கள் பஸ் வந்ததும் ஏறிவிட்டார்கள்.

மழைக்கு முந்தைய புதுப் படம் வந்தது. மெஷின் தன் பாட்டுக்குப் பச்சைப் புள்ளிகளைப் போட்டுக்கொண்டே வந்து, கன்யோவா மேட்டில் பெரிதாக ஒன்றும் சின்னதாக ஒன்றும் வைத்தது. அடோயோ பெரிதாக்கினாள். கண் கூசும் என்று ஒடெக் சொன்னது சரிதான், சிவப்புத் தகரம் தனியாகத் தெரிந்தது.

பெரிய வீட்டைச் சுற்றிப் பாதைகள் விழுந்திருந்தன. சமையல்கட்டுக்கு, கக்கூசுக்கு, வாசலுக்கு, கீழே ஊற்றுக்கு. சின்ன வீட்டுக்கும் ஒரு பாதை இருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கதவிலிருந்து கிளம்பி மாமரத்தடி நாற்காலிவரை வந்த பாதை, அங்கேயே நின்றுவிட்டது. வாசலுக்குப் போகவில்லை.

‘வசிப்போர்’ என்ற கட்டம் திறந்து காத்திருந்தது. அடோயோ ‘ஒன்று’ என்று அடித்தாள். அடுத்த படம் மழைக்குப் பிறகு, புல் வளர்ந்தபின் வரும்.